இடுபணி நேரத்தில் கணினி படுத்துவிட்டால்: கோலாலம்பூர், பினாங்கு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

இடுபணியை ஒப்படைக்க இன்னும் மூன்று நாள்தான், மடிக்கணினி திறக்கவில்லை. பல வீடுகளில் உடனே கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். கடைக்காரர் 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்பார், இவர்களும் சரி என்பார்கள். இரண்டு நாளில் கணினி புதிதுபோல் வேலை செய்யும். ஆனால் அதில் இடுபணி இருக்காது.

இந்தக் கேடு வராமலிருக்க வேண்டுமானால் வரிசையை மாற்றுங்கள். முதலில் கோப்பைக் காப்பாற்றுங்கள். அடுத்து வேறொரு கணினியில் இடுபணியை முடியுங்கள். பழுது பார்ப்பதை ஒப்படைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகளும் இதே வரிசைதான்.

1. முதல் பத்து நிமிடம்: எதைத் தொடக்கூடாது

கணினி உள்ளிருந்து 'டக் டக்' என்று தட்டும் ஓசை வந்தால் அது பழைய வகை ஹார்ட் டிஸ்க் சாகும் ஓசை. உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் உள்ளேயிருக்கும் தட்டில் கீறல் கூடும், மீட்கக்கூடிய கோப்பு குறையும்.

தே தாரேக், மைலோ, தண்ணீர் எது கொட்டினாலும் சார்ஜரைப் பிடுங்கி, மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். 'வேலை செய்கிறதா' என்று திறந்து பார்க்காதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் போர்டு (உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை) எரிகிறது. பாலும் சர்க்கரையும் கலந்த பானமென்றால் காய்ந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். கடையில் கழற்றித் துடைக்கத்தான் வேண்டும்.

டச்பேட் மேலெழும்பி நின்றால், அல்லது அடிப்பாகம் உப்பியிருந்தால், பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள்.

இவை எதுவும் இல்லாமல் வெறுமனே திறக்கவில்லை என்றால், சார்ஜரையும் செருகியுள்ள மற்ற எல்லாவற்றையும் கழற்றி, மின்பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகித் திறந்து பாருங்கள். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் எச்டிஎம்ஐ கம்பியில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணையுங்கள். தொலைக்காட்சியில் படம் வந்தால் திரை மட்டுமே போயிருக்கிறது என்று பொருள். அப்போது எதையும் மீட்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியையே திரையாக வைத்து வேலையை முடித்துவிடலாம்.

இந்தப் பத்து நிமிடத்தில் பெரிய பொறி ஒன்று உண்டு. விண்டோஸ் தானாகவே ஒரு நீலத்திரையைக் காட்டி 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒரு வழி தரும். பதற்றத்தில் அதை அழுத்திவிடுவார்கள். அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'கீப் மை ஃபைல்ஸ்' கோப்புகளை வைத்துக்கொண்டு நிறுவிய செயலிகளை நீக்கும். கோப்பு வேறெங்காவது இருக்கிறது என்று உறுதியாகும் வரை இரண்டையும் தொட வேண்டாம். 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' மட்டும் முயலலாம். அது கோப்புகளைத் தொடாது.

2. கோப்பு உண்மையிலேயே போய்விட்டதா?

'போய்விட்டது' என்று அழும் கோப்புகளில் பல வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. கைப்பேசியிலிருந்தே தேடலாம்.

முதலில் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். விண்டோஸ் 11 மடிக்கணினியைப் புதிதாகத் தொடங்கும்போது பலரும் எல்லாவற்றுக்கும் 'அடுத்து' அழுத்திச் செல்வார்கள். அப்போதே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் ஒன்டிரைவோடு இணைந்திருக்கக்கூடும். எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கணினி திறக்கிறதோ அதே கணக்கில் கைப்பேசி வழியாக நுழையுங்கள். பெரும்பாலும் அது அம்மா அல்லது அப்பாவின் மின்னஞ்சலாக இருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிரம்பியிருந்தால் அண்மைய கோப்பு மேலேறியிருக்காது.

அடுத்து கூகுள் டிரைவ். அழித்த கோப்பு 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். கூகுள் டாக்ஸில் எழுதியது அலங்கோலமாகிவிட்டால், குழு நண்பர் தவறுதலாகப் பாதியை அழித்துவிட்டால், 'ஃபைல்' பட்டியலில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' திறந்து நேற்றைய வடிவத்துக்குத் திரும்பலாம். கணினியிலிருந்து திறந்தால்தான் இது முழுமையாகத் தெரியும்.

பிறகு புலனம் (வாட்ஸ்அப்). குழுவில் அனுப்பிய பழைய பிரதி ஏதாவது ஒரு நண்பரின் கைப்பேசியில் இருக்கும். மூன்று நாள் பழையதானாலும் சுழியத்திலிருந்து தொடங்குவதைவிட மேல்.

கணினி திறக்கிறது, வேர்ட் மட்டும் பாதியில் மூடிக்கொண்டது என்றால் வேர்டையே மறுபடி திறங்கள். இடப்பக்கம் மீட்புப் பட்டியல் வரும். வராவிட்டால் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமென்ட்', 'ரிகவர் அன்சேவ்ட் டாக்குமென்ட்ஸ்' என்று போங்கள். சேமிக்காமல் மூடிய கோப்பின் பிரதி இங்கே சில நாள்கள்தான் இருக்கும். கிடைத்தவுடன் புதுப்பெயரில் சேமியுங்கள். வேர்ட் இந்தப் பிரதியை 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கும். 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' பகுதியில் அதை 2 நிமிடமாக மாற்றிவிடலாம். மேலே தெரியும் 'ஆட்டோசேவ்' பொத்தானை நம்பி ஏமாறுபவர்கள் பலர். ஒன்டிரைவில் வைத்த கோப்புக்குத்தான் அது வேலை செய்யும். டெஸ்க்டாப்பில் மட்டும் வைத்த கோப்புக்குச் செய்யாது.

3. திறக்காத கணினியிலிருந்து கோப்பை எடுப்பது

மேலே சொன்ன எங்கும் இல்லையென்றால் கோப்பு டிஸ்க்கில்தான் இருக்கிறது. கணினி சாவது வேறு, டிஸ்க் சாவது வேறு. போர்டோ திரையோ போன கணினியின் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி இன்னொரு கணினியில் பெண்டிரைவ் போல இணைத்துக் கோப்பை நகலெடுக்கலாம்.

இதற்கு வேண்டியது ஒரு இணைப்புப் பெட்டி அல்லது கம்பி. டிஸ்க்கின் வகை தெரியாமல் வாங்கினால் பொருந்தாது. உள்ளங்கையளவு 2.5 அங்குல டிஸ்க் என்றால் 'சாட்டா' கம்பி போதும். ஏறத்தாழ 20 முதல் 40 ரிங்கிட். சூயிங்கம் பட்டைபோல் நீளமாக இருந்தால் அது 'எம் டாட் 2'. அதிலும் 'சாட்டா', 'என்விஎம்இ' என இரண்டு வகை உண்டு. பெட்டி விலையும் கூட. டிஸ்க்கை எடுத்துப்போய்க் காட்டி வாங்குவதே பாதுகாப்பு. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசா, பினாங்கில் கொம்தாரை ஒட்டிய பிராங்கின் மால் பகுதி, இரண்டிலும் கேட்டால் கிடைக்கும். மிக மெல்லிய, விலை குறைந்த மடிக்கணினிகள் சிலவற்றில் டிஸ்க் போர்டோடு ஒட்டியிருக்கும். அவற்றைக் கழற்ற முடியாது.

உத்தரவாதம் இன்னும் இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் தராமல் போகலாம்.

இங்கே பலரைத் திகைக்க வைப்பது பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் பூட்டு. புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தாலும், போர்டை மாற்றினாலும், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. 'திறந்து தருகிறேன்' என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். சாவி பெரும்பாலும் கணினியைத் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பகுதியில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும் இன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து, எண்களைத் தாளில் எழுதி, கணினி வாங்கிய ரசீதோடு சேர்த்து வையுங்கள். இந்த ஒரு வேலையை மட்டுமாவது இன்றே செய்துவிடுங்கள்.

தட்டும் ஓசை வந்த டிஸ்க், கீழே விழுந்த டிஸ்க் இரண்டும் வீட்டில் முயலும் வேலையல்ல. தரவு மீட்கும் கடைகள் பல நூறு ரிங்கிட்டிலிருந்து ஆயிரங்கள் வரை கேட்கும். சில நாள்களோ வாரங்களோ ஆகும். குடும்பப் படங்களுக்காக அந்தச் செலவு செய்யலாம். ஒரு இடுபணிக்காகச் செய்யாதீர்கள். மறுபடி எழுதுவது விரைவு.

4. வேறு கணினியில் தொடர்வது

பள்ளி தந்த டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கு இருக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் வாங்கத் தேவையில்லை. அந்தக் கணக்கில் கூகுள் டாக்ஸ், ஸ்லைட்ஸ், கிளாஸ்ரூம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 365, கேன்வா ஆகியவற்றுக்கும் அதே கணக்கில் நுழையலாம். எந்தக் கணினியின் பிரவுசரிலும் திறக்கும். கடவுச்சொல் மறந்தால் பள்ளியில் டெலிமாவைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்தான் மாற்றித் தர வேண்டும். அவர் சனி ஞாயிறு கிடைக்காமல் போகலாம். ஆகவே வெள்ளிக்கிழமை பள்ளி முடியும் முன் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பள்ளிக்கூடம் முடித்த பிறகும் அந்தக் கணக்கு இருக்கும் என்று நம்பி, முக்கியமான கோப்புகளை அதில் மட்டும் வைக்க வேண்டாம்.

கணினி எங்கே கிடைக்கும்? பள்ளிக் கணினிக்கூடத்தை முதலில் கேளுங்கள். கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகம், டத்தாரான் மெர்டேக்கா அருகிலுள்ள கோலாலம்பூர் நூலகம். பினாங்குத் தீவில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி என்னும் கிரீன் லேனிலுள்ள பினாங்கு டிஜிட்டல் நூலகம், பெருநிலத்தில் செபராங் ஜெயாவிலுள்ள மாநிலப் பொது நூலகம். வீட்டருகே நாடி (அரசின் சமூக இணைய மையம்) இருந்தால் அங்கும் கணினி உண்டு. முன்பு பெடி என்று அழைத்தது இதைத்தான். மைகாட் கையில் இருக்கட்டும். விடுமுறை நாளில் நேரம் மாறும், போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

பொதுக் கணினிகள் பலவற்றில் அணைத்துத் திறந்தால் டெஸ்க்டாப்பில் வைத்தது எல்லாம் அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். கூகுள் டிரைவிலேயே எழுதுங்கள். முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பிரவுசரை மூடினால் மட்டும் போதாது.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் முதலில் வைஃபை அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை இயக்குங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் பின்னணியில் உங்கள் டேட்டாவை விழுங்கிவிடும்.

5. தமிழ் எழுத்துச் சிக்கல்கள்

மலாய், ஆங்கில இடுபணிகளில் இல்லாத தொல்லை இது. தமிழ்மொழி, தமிழ் இலக்கிய இடுபணி செய்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

புதிய கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய எதையும் பதிவிறக்க வேண்டாம். விண்டோஸ் அமைப்பில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' திறந்து தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைமுறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். பொதுக் கணினியில் இதைச் சேர்க்க அனுமதி இல்லையென்றால் கைப்பேசியில் டாக்ஸ் செயலியைத் திறந்து செல்லினத்திலோ ஜிபோர்டிலோ தட்டச்சு செய்யுங்கள். நீண்ட பத்திகளுக்கு ஜிபோர்டின் குரல் உள்ளீடும் உதவும். அதே கோப்பு கணினியில் உடனே தெரியும், அங்கே அழகுபடுத்திக்கொள்ளலாம்.

அண்ணன் அக்காவின் பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து குப்பையாகத் தெரிகிறதா? கோப்பு கெட்டுவிடவில்லை. அது யுனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) முந்தைய எழுத்துருவில் தட்டியது. எந்த எழுத்துரு என்று வேர்டின் எழுத்துருப் பெட்டியில் பெயரைப் பார்த்து, அதற்குரிய மாற்றியில் யுனிகோடாக மாற்றுங்கள். மாற்றிய பின் வரிவரியாகச் சரிபாருங்கள். கிரந்த எழுத்துகளும் கொம்பு போட்ட எழுத்துகளும் தப்பிப்போகும்.

பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் 'பொருள்' என்பது 'ெபாருள்' என்று உடையும். பல பிடிஎஃப் கோப்புகள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருப்பதால் வரும் கோளாறு இது. எழுத்துரு மாற்றினால் சரியாகாது. சிறு மேற்கோள் என்றால் திரும்பத் தட்டுங்கள், அதுவே விரைவு.

எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அங்கே தமிழைக் காட்டக்கூடிய எழுத்துரு கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸில் நிர்மலா எப்போதும் இருக்கும். லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதல் தனியாகச் சேர்க்க வேண்டியவை. குழுவில் நால்வர் நான்கு கணினியில் எழுதுவதானால் தொடக்கத்திலேயே ஒரே எழுத்துருவை முடிவு செய்யுங்கள். கூகுள் டாக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் கிடைக்கும். கேன்வாவில் தமிழுக்கென்று இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தால் தலைப்பு வேறோர் உருவில் மாறி வரும்; அட்டைப்படம் செய்யும்போது இதைக் கவனியுங்கள்.

இரு ஓரமும் சமமாக்கும் அமைப்பைத் தமிழுக்குப் போடாதீர்கள். நம் சொற்கள் நீளம். வரிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள்.

6. போட்டோஸ்டெட் கடையில்

வேர்ட் கோப்போடு கடைக்குப் போகாதீர்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, பக்கம் தள்ளிப்போகும், படம் அடுத்த பக்கத்துக்கு ஓடும். வீட்டிலேயே பிடிஎஃபாக மாற்றி, வேறொருவரின் கைப்பேசியில் திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் கடையிலும் சரியாகவே வரும்.

மாற்றும் முன் தாளளவு ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். சில கணினிகளில் வேர்ட் 'லெட்டர்' அளவில் திறக்கும். பைண்டிங் போடுவதானால் இடது ஓரம் 3 செ.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லும் சுருளுக்குள் போய்விடும்.

கறுப்பு வெள்ளைப் பக்கம் பெரும்பாலும் 10 முதல் 30 சென், வண்ணம் 50 சென்னிலிருந்து ஒரு ரிங்கிட்டுக்கு மேல், சுருள் பைண்டிங் சில ரிங்கிட். இடத்துக்கு இடம் மாறும். 40 பக்க இடுபணியில் 12 பக்கம் வண்ணம் என்று வைத்துக்கொள்வோம். 28 பக்கம் 20 சென் வீதம் 5.60, வண்ணம் ஒரு ரிங்கிட் வீதம் 12, பைண்டிங் 5, மொத்தம் 22.60 ரிங்கிட். வண்ணப் பக்கங்களைத் தனிக்கோப்பாகக் கொடுங்கள். முழுக்கோப்பையும் வண்ண இயந்திரத்தில் அச்சிட்டால் கறுப்பு எழுத்துப் பக்கத்துக்கும் வண்ண விலை போடும் கடைகள் உண்டு.

பெண்டிரைவைக் கடையில் செருகிவிட்டு வந்தபின் கோப்புகள் மறைந்து, அம்புக்குறி போட்ட குறுக்குவழி மட்டும் தெரிகிறதா? வைரஸ். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குறுக்குவழியை இருமுறை சொடுக்காதீர்கள். அதைத் தொட்டால்தான் உங்கள் கணினிக்குப் பரவும். விண்டோஸ் செக்யூரிட்டியில் பெண்டிரைவை ஸ்கேன் செய்து, ஃபோல்டர் அமைப்பில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளையும் காட்டச் சொல்லி, உங்களுடையதை மட்டும் நகலெடுத்து, பெண்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். கடைக்கு எடுத்துப்போகும் பெண்டிரைவில் அந்த ஒரு பிடிஎஃப் தவிர வேறெதுவும் இருக்க வேண்டாம். புலனத்தில் அனுப்பினால் இன்னும் நல்லது. படங்களை மட்டும் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து அச்சில் மங்கும்.

தீபாவளி, சீனப் புத்தாண்டு வாரங்களில் அச்சுக் கடையும் பழுதுக் கடையும் பல நாள் மூடியிருக்கும். ஒப்படைக்கும் நாள் அதையொட்டி வந்தால் ஒரு வாரம் முன்பே அச்சிட்டுவிடுங்கள்.

7. ஆசிரியரிடம் சொல்வது

பழுது தெரிந்த அன்றே சொல்லுங்கள். ஒப்படைக்கும் நாள் காலையில் சொன்னால் உண்மையும் சாக்குபோல் ஒலிக்கும். திரையில் வந்த பிழையின் படம், கடையில் கொடுத்திருந்தால் தேதியிட்ட சீட்டு, கையிலிருக்கும் பழைய பிரதி, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். 'வணக்கம் ஐயா, கணினி பழுதாகிவிட்டது. 22 பக்கம் வரை உள்ள பிரதியை இணைத்திருக்கிறேன். மீதியைப் பள்ளிக் கணினிக்கூடத்தில் முடித்து வியாழக்கிழமை தருகிறேன்' என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

டிரைவ் இணைப்பை அனுப்பினால், கணக்கில் நுழையாத தனிச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) அதைத் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டால், பகிரும் இடத்தில் ஆசிரியரின் மின்னஞ்சலைச் சேருங்கள்.

8. இனி கணினியைக் கடைக்குக் கொண்டுபோகலாம்

பெற்றோர் ஒருவர் உடன் வரட்டும். வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, சார்ஜர் மூன்றும் எடுங்கள். உத்தரவாதம் இருந்தால் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கே போங்கள்.

சோதிக்கக் கட்டணம் உண்டா, பழுது பார்க்க வேண்டாம் என்று சொன்னாலும் அதைக் கொடுக்க வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேட்ட பிறகே கொடுங்கள். கொடுக்கும்போது சீட்டில் மாடல், வரிசை எண், ரேமின் அளவு, டிஸ்க்கின் அளவு, ஒப்புக்கொண்ட விலை, திருப்பித் தரும் நாள் இத்தனையும் இருக்க வேண்டும். 'ஜாங்கான் ஃபார்மட்' (ஃபார்மட் செய்யாதீர்கள்) என்று வாயால் சொன்னால் போதாது, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாங்கும்போது கடையிலேயே திறந்து, ரேமும் டிஸ்க்கும் அதே அளவா என்று பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்குப் பெருஞ்செலவு செய்யச் சொன்னால் யோசியுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுவதற்கு மட்டும் செலவு செய்யலாம். மெதுவான கணினிக்கு அதுபோல் பலன் தருவது வேறில்லை.

சொன்னதுபோல் செய்யாமல் கடை ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அங்கே சான்றாகக் கேட்பது அந்தச் சீட்டையும் ரசீதையும்தான்.